புதன்கிழமைச் சவரம்

படிவத்தில் பெயர், வயது, தொழில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஏழாவது கேள்வியில் வந்து மாஸ்டர் மாட்டிக்கொண்டார். 'இப்போது சிகிச்சைக்கு வரத் தூண்டிய காரணம் என்ன?' என்று கேட்டு, கீழே மூன்று வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். கழுத்து வலி என்று எழுதித் தப்பிக்கவும் வழியில்லை. வலியைப் பற்றி ஐந்தாவது கேள்வியிலேயே அக்குவேறு ஆணிவேறாகக் கேட்டு முடித்துவிட்டார்கள். இரண்டு வருஷம், பத்துக்கு ஏழு என்று அவரும் எழுதியிருந்தார். இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத மனுஷன் இன்றைக்கு எதற்கு வந்தாய் என்றுதான் இந்தக் காகிதம் கேட்கிறது. நியாயமான கேள்வி. அதனாலேயே எரிச்சலாக வந்தது. முதலில் 'புதன்கிழமை' என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தால் அவருக்கே கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. அடித்துவிட்டு, 'தொழில் நிமித்தம்' என்று எழுதி நீட்டினார்.

அதுவும் பொய்யில்லை. மாஸ்டர் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷமாகத் தலையை இடது பக்கம் சாய்த்து, அடுத்தவன் காது மடலுக்கு மேலே கண்ணை நட்டு நட்டு, கழுத்து அந்த வாக்கிலேயே இறுகிவிட்டது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவார். "மாஸ்டர் ரிவர்ஸ் எடுக்கிறார், வழி விடுங்க" என்று கடையில் காத்திருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். இரண்டு வருஷமாக அவர் குனிந்து சுற்றி வருவதற்குப் பதிலாக நாற்காலியைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒரு தபால்காரர் தலைசுற்றி வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதித் தலையோடு எழுந்து வெளியே ஓடியிருக்கிறார். அதற்கெல்லாம் மாஸ்டர் வைத்தியம் பார்த்துக்கொள்ளப் போனவரில்லை. தைலம் தடவிக்கொள்வார், அவ்வளவுதான். அதுவும் கை எட்டிய வரைக்கும்.

கை எட்டாத இடத்துக்கு ஆள் கிடையாது. கடைக்கு மேலே ஒரே அறை. மனைவி போய் ஒன்பது வருஷம், பிள்ளைகள் இல்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தலைகள் அவர் கையில் வந்து போகின்றன. அவர் தலையை இன்னொருத்தர் தொட்டு ஒன்பது வருஷமாகிறது. தன் முடியை முன்னால் ஒரு கண்ணாடி பின்னால் ஒரு கண்ணாடி வைத்துத் தானே வெட்டிக்கொள்கிற ஆள் அவர். கடையில் பேச்சுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் நாற்காலியில் உட்காருகிறவன் தன் கதையைச் சொல்ல வருகிறான். வெட்டுகிறவனுக்கும் ஒரு கதை இருக்கும் என்று அவனுக்கு எங்கே தோன்றும்? மாஸ்டர் "அப்படியா, அடடா" என்று சொல்லிச் சொல்லியே முப்பத்தைந்து வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அவரிடம் கதை கேட்ட ஒரே ஆள் ஹாரன்.

ஹாரன் பஸ் டிரைவர். பஸ்ஸில் ஹாரன் வேலை செய்யாத நாளில் ஜன்னல் வழியாகக் கத்தியே ரோட்டை ஒதுக்கினான் என்று அந்தப் பெயர் வந்தது. புதன்கிழமை அவனுக்கு வார விடுமுறை. பதினொரு மணிக்குக் கடைக்குள் நுழையும்போதே, "மாப்ளே, இன்னிக்கு என்ன சமைச்சே? உப்பு போட்டியா இல்லையா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பான். மாஸ்டருடைய மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், டூட்டி முடித்து வந்து வராந்தாவில் இவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். அவன் பேசாமல் இருந்ததே பெரிய தியாகம். அப்பேர்ப்பட்டவன் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது விழுந்தான். வலது கை, வலது கால், குரல் மூன்றும் போயின. சொல்வது அவனுக்குப் புரிகிறதா என்று டாக்டர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு புதன்கிழமை இடம் மாறியது. பெட்டியை எடுத்துக்கொண்டு மாஸ்டர் அவன் வீட்டுக்குப் போனார். கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டி, வெந்நீரில் பிரஷ்ஷை முக்கி நுரை தடவுவார். வாய் ஓயாமல் பேசுவார். சாக்கடை அடைத்துக்கொண்டது, சீப்பின் பல் உடைந்தது, கனவில் மனைவி வந்து ஜன்னலைச் சாத்தச் சொன்னது, எல்லாம். ஹாரன் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கும் அவன் மகள், "மாமா இருக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் நான் நிம்மதியா குளிக்கிறேன்" என்பாள். அந்த வாக்கியத்தை மாஸ்டர் வாரம் முழுவதும் வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவார்.

போன புதன்கிழமை அதில் மண் விழுந்தது. அப்பா இரண்டு தடவை நழுவி விழுந்துவிட்டார் என்று மகள் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள். சுவர்ப் பக்கக் கன்னத்துக்கு மாஸ்டர் இந்தப் பக்கத்திலிருந்தே சாய்ந்து எட்ட வேண்டியிருந்தது. கை எட்டியது, கண் எட்டவில்லை. கழுத்து வளைந்து கொடுக்காமல் முரண்டு பிடித்தது. உதவிக்குக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் முப்பத்தைந்து வருஷத் தொழில்காரன், தாடை எங்கே, காது எங்கே என்று கைக்குத் தெரியாதா என்ற திமிர். கை நினைவிலேயே கத்தியை இழுத்தார். காதுக்குக் கீழே நறுக்கென்று பட்டது.

ரத்தம் உறையாமலிருக்க ஹாரன் மாத்திரை சாப்பிடுகிறான். சின்ன வெட்டுதான், ஆனால் நிற்கவே இல்லை. படிகாரம் வைத்தார், பஞ்சை வைத்து அழுத்தினார், துண்டு சிவந்துகொண்டே போனது. மகள் ஈரத் தலையோடு ஓடிவந்து பார்த்துவிட்டுக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் ஹாரன் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவழியாக நின்றதும் அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே ஷேவிங் வேணாம். நான் ட்ரிம்மர் வாங்கிக்கறேன். நீங்க எப்பவும்போல சும்மா வந்து அப்பாவைப் பாத்துட்டுப் போங்க."

சும்மா. அந்த ஒரு சொல்தான் மாஸ்டரை உலுக்கிவிட்டது. சும்மா ஒருத்தர் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவருக்குத் தெரியாது. பெட்டி இல்லாமல் அவர் யார் வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. கத்தி, பிரஷ், துண்டு என்று கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் அவருக்கு வாயே திறக்கும். வெறுங்கையோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன பேசுவது? கையை எங்கே வைத்துக்கொள்வது? இரண்டு வாரம் போவார், மூன்றாவது வாரம் ஏதாவது சாக்கு வரும், அப்புறம் விட்டுப்போகும். தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்ததுதான் வேதனை. இரண்டே நாளில் விசாரித்து, இந்தப் பிசியோதெரபி நிலையத்தின் படியேறிவிட்டார்.

தெரபிஸ்ட் சின்ன வயதுப் பெண். படிவத்தை மேலிருந்து கீழே படித்தவள் ஏழாவது கேள்வியில் நின்றாள்.

"ஏதோ எழுதி அடிச்சிருக்கீங்க. புதன்கிழமையா?"

"அது கைதவறி வந்துடுச்சும்மா."

"போன மாசம் ஒருத்தர் வந்தார். அஞ்சு வருஷமா முதுகு வலி. ஏன் சார் இப்பன்னு கேட்டா, நேத்து சாக்ஸ் மாட்ட முடியல, பக்கத்து வீட்டுக்காரர் மாட்டிவிட்டார்னு சொல்லி அழுதுட்டார். வலிக்காக யாரும் வர்றதில்ல சார். வலி எதையாவது பிடுங்கிட்டுப் போனப்புறம்தான் வர்றாங்க. உங்ககிட்டேருந்து எதைப் பிடுங்குச்சு?"

மாஸ்டர் சொல்லிவிட்டார். தன்னை சார் என்று ஒருத்தி கூப்பிடுகிற கூச்சத்தில் தட்டுத்தடுமாறித்தான் சொன்னார். அவள் "அடடா" என்றெல்லாம் சொல்லவில்லை. "சரி, அப்போ கழுத்து எத்தனை டிகிரி திரும்புதுங்கிறது நம்ம கணக்கு இல்ல. சுவர்ப் பக்கக் கன்னம் கண்ணுக்குத் தெரியணும். அதுதான் கணக்கு" என்று சொல்லி, அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கழுத்தில் கைவைத்தாள்.

வலித்தது, அது நிஜம். ஆனால் கண்ணில் நீர் முட்டியது அதற்காக இல்லை. இரண்டு கட்டைவிரல்கள் மண்டையோட்டின் அடியில் நிதானமாக, அவசரப்படாமல், எதையோ தேடுகிற மாதிரி போய் வந்தன. ஒரு மனிதக் கை இவ்வளவு சூடாக இருக்கும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

"வலிக்குதா சார்?"

"ஆமாம்மா" என்றார் மாஸ்டர் முகம் வைக்க மெத்தையில் விட்டிருந்த ஓட்டைக்குள்ளிருந்து. வேறென்ன சொல்ல?

அதற்குப் பிறகு மனிதர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! சுவரோடு முதுகை ஒட்டி நின்று, தாடையை உள்ளே இழுத்து ரெட்டைத் தாடை வரவைத்தார். பிடரியில் துண்டைப் போட்டு இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பினார். காலை பத்து, மதியம் பத்து, கடை சாத்தியதும் பத்து. கடைக் கண்ணாடி முன்னால் அவர் ரெட்டைத் தாடையோடு நிற்பதைப் பார்த்து, காத்திருந்தவர்கள் தங்களையும் அறியாமல் தாடையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நாலாவது வாரம், சைக்கிள் மணி கேட்டுத் திரும்பியபோது, தோளுக்கு அந்தப் பக்கம் தெரு தெரிந்தது. உடம்பு நேராக இருக்க, கழுத்து மட்டும் திரும்பியிருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார். சொல்லிவிட்டு, இதை யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தார். சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான் இருந்தான். அவனைப் பார்த்து ஒரு மாதம் ஆகப்போகிறது.

ஆறாவது வாரம் மாஸ்டருக்கு வேகம் தாங்கவில்லை. "இன்னும் ஒரு இழைதான் பாக்கி இருக்கு டாக்டரம்மா. படக்குனு ஒரு சொடக்கு எடுத்து விட்டுடுங்களேன். வேலை முடிஞ்சுடும்."

அவள் கை நின்றது. "சொடக்கா?"

"நெட்டி முறிக்கிறதும்மா. தாடையில ஒரு கை, பின்மண்டையில ஒரு கை, சட்டுனு ஒரு திருப்பு. முடி வெட்டினதும் நான் எல்லாருக்கும் எடுத்து விடறதுதானே. என் கடைக்கு அதுக்குன்னே வர்ற ஆளுங்க உண்டு. எனக்கு நானே எடுத்துக்க முடியல, அதான்."

அவள் சுற்றி வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "சார், இதை நீங்க விட்டுடணும். கழுத்து எலும்புக்குள்ளேயே மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்கு. சட்டுனு திருப்பினா அது உள்ளுக்குள்ள கிழியலாம். முறையாப் படிச்சவங்க செஞ்சாலே ஆயிரம் தடவை யோசிச்சுத்தான் செய்வாங்க. ரொம்ப அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு. ரெண்டு நாள் தலைவலி இருக்கும். அப்புறம் பக்கவாதம்."

அறையில் ஏதோ இயந்திரம் நேரம் முடிந்ததென்று பீப் பீப் என்று கத்தியது. அவள் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வரும்வரை அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"ஹாரனுக்கு... என் சிநேகிதனுக்கு... புதன்கிழமை எடுத்து விட்டேன்" என்றார். "வெள்ளிக்கிழமை காலைல விழுந்தான்."

அவளுக்கும் முகம் மாறித்தான் போயிற்று. "அவருக்கு பிரஷர் உண்டா?"

"உண்டு."

"சிகரெட்?"

"பஸ்ஸை விட ஜாஸ்தி புகை விடுவான்."

"அப்போ எதனாலன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது சார். அதுதான் உண்மை."

"நான் பண்ணலைன்னு சொல்ல முடியுமாம்மா?"

அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். அவர் கைகளைப் பார்த்தாள். "அதையும் சொல்ல முடியாது" என்றாள்.

அன்றிலிருந்து கடையில் சொடக்கு நின்றது. "என்ன மாஸ்டர், கடைசி அயிட்டத்தை மறந்துட்டீங்க?" என்று கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம், "இனிமே கிடையாது" என்று சொல்லித் துண்டை உதறினார். ஒவ்வொரு கழுத்தையும் பார்க்கும்போது மனசு கணக்குப் போட்டது. முப்பத்தைந்து வருஷம், எத்தனை கழுத்து? அவர்களெல்லாம் நல்லபடியாக இருக்கிறார்களா? கடைக்கு வராமல் நின்றுபோனவர்களை யார் போய்ப் பார்த்தது? ஆனால் யோசனை எப்படிச் சுற்றினாலும் அந்த ஒரே புதன்கிழமையில் வந்துதான் விழுந்தது. ஹாரன் அன்றைக்கு, "போன வாரம் ஒழுங்கா எடுக்கல மாப்ளே, இன்னிக்கு நல்லா சத்தம் வரணும்" என்று கேட்டிருந்தான். சத்தம் நன்றாகவே வந்தது. ஹாரன் 'ஆஹா' என்றான். இருவரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஹாரனின் மகள் போன் செய்தாள்.

"மாமா, அப்பா ட்ரிம்மரைக் கிட்டக் கொண்டுபோனாலே தட்டி விடறார். தாடி திட்டுத்திட்டா நிக்குது. உங்க கழுத்து எப்படி இருக்கு? தெரபி போறீங்களாமே, தபால்காரர் சொன்னார். முடிஞ்சா புதன்கிழமை வரீங்களா? நான் பக்கத்துலயே இருக்கேன், பயமில்லை."

ஏழு வாரமாக ரெட்டைத் தாடை வைத்துக்கொண்டு சுவரில் நின்றது இந்த வார்த்தைக்காகத்தான். கேட்ட வரம் கையில் வந்து விழுந்துவிட்டது. வாயை மட்டும் திறக்காமல் இருந்தால் போதும். தெரபிஸ்ட் சொல்லப் போவதில்லை, ஹாரனால் சொல்ல முடியாது. டாக்டர்கள் பிரஷர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருஷமாகிறது. சொன்னால் அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அப்புறம் வாரத்தில் ஏழு நாளும் ஒரே மாதிரிதான். "வரேம்மா" என்று சொல்லிப் போனை வைத்தார். கத்தியை எடுத்துத் தீட்டினார். தேவைக்கு மேல் தீட்டிக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது மாஸ்டர் செருப்பைக் கழற்றவில்லை. "உள்ள வாங்க மாமா" என்று அவள் இரண்டாவது தடவை சொன்னபோதும் நின்ற இடத்திலேயே நின்று, எல்லாவற்றையும் சொன்னார். சொடக்கு, ரத்தக்குழாய், புதன், வெள்ளி. மென்று முழுங்காமல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். கூடத்தில் லேப்டாப்பில் யாரோ ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். போய் அதை மூடிவிட்டு வந்தாள்.

"வியாழக்கிழமை பூரா தலைவலின்னு படுத்திருந்தார்" என்றாள். குரல் வேறெங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. "நான் மாத்திரை குடுத்துட்டு மீட்டிங்ல உக்காந்துட்டேன்."

மாஸ்டருக்கு அது தெரியாது. இப்போதுதான் கேட்கிறார்.

"இதை ஏன் மாமா எங்கிட்ட சொல்றீங்க? சொல்லாமலே இருந்திருக்கலாம்ல? டாக்டர் பிரஷர்னு சொன்னார், நானும் அதையே நம்பிக்கிட்டு இருந்திருப்பேன்ல?"

"சொல்லாம உள்ள போய் அவன் கழுத்துல கத்தி வைக்க முடியலம்மா."

அவள் அழுதாளா, கோபப்பட்டாளா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. முகத்தைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். "என்னை எதுவும் கேக்காதீங்க. எனக்குச் சொல்லத் தெரியல. அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. அவருக்குத்தானே ஆச்சு" என்று சொல்லிவிட்டு வழி விட்டு ஒதுங்கினாள்.

பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு மாஸ்டர் உள்ளே போனார். ஹாரன் தலையணையில் சாய்ந்திருந்தான். தாடி ஒரு கன்னத்தில் அடர்ந்தும் மறு கன்னத்தில் பிய்த்துப் போட்டதுபோலவும் இருந்தது. மாஸ்டரைப் பார்த்ததும் தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொடையின் கீழே செருகிக்கொண்டார்.

"மாப்ளே" என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு நீ கேட்டேன்னு எடுத்து விட்டேன்டா. நல்லாத்தான்டா எடுத்தேன். அதனாலதான் உனக்கு இப்படி ஆச்சோ என்னமோ. யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. ஆனா நானாத்தான் இருக்கும்னு தோணுதுடா."

ஹாரன் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பார்வையில் எதைப் படிப்பது? ஒன்றரை வருஷமாகச் சாக்கடையைப் பற்றியும் சீப்பைப் பற்றியும் சொன்னபோது பார்த்த அதே பார்வைதானா, வேறா? மாஸ்டர் அந்தக் கண்களில் ஏதாவது அசைகிறதா என்று தேடினார். இரண்டு கண்களிலும் தன் முகம்தான் தெரிந்தது.

பிறகு இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. மேலே ஏறி மாஸ்டரின் சட்டையைத் தொட்டு, காலரைத் தாண்டி, தாடையில் வந்து நின்றது. விரல்கள் தாடையைக் கவ்விப் பிடித்தன. ஸ்டியரிங் பிடித்த கை, பிடி இன்னும் விட்டுப்போகவில்லை. மெல்ல, மிக மெல்ல, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பத் தொடங்கியது.

அறை வாசலில் மகளின் காலடிச் சத்தம் வந்து நின்றது. மாஸ்டரின் கண் முன்னால் ஜன்னல் கடந்தது, அலமாரி கடந்தது, கழுத்தில் இறுக்கம் தொடங்கும் இடம் வந்தது. கை நிற்கவில்லை. எவ்வளவு தூரம் திருப்புவான், எதற்காகத் திருப்புகிறான் என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. தடுக்கவும் தோன்றவில்லை. கண்ணை மூடித் தோள்களைத் தளர்த்தி, தலையின் மொத்தப் பாரத்தையும் அந்தக் கையில் விட்டார்.